பாட்டனார் போட்ட முதல் தீர்மானம்

பிப்ரவரி 11, புதன். காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு சட்டைகளைத் தேய்த்தேன். மாலை ஆறேகாலுக்கு வேலை முடிந்து மஸ்கட்டின் ரூவியில் பேருந்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், நான் வழக்கமாகக் கறிவேப்பிலை வாங்கும் கடைக்காரரும் அவருடைய ஊர்க்காரர் ஒருவரும் நின்றார்கள். நடைபாதையில் அடுக்கிய பெட்டிகளை நாளைக்குள் எடுக்க வேண்டும் என்று கடைக்காரருக்கு முனிசிபாலிட்டி நோட்டீஸ் வந்திருந்தது.

"பெட்டிய உள்ள வச்சா தக்காளிய எவன் பாப்பான்? யாவாரம் கலாஸ்! கஃபீல, அதான் என் ஸ்பான்சர் அரபிய, விட்டு முனிசிபாலிட்டில பேசச் சொல்லப்போறேன். நான் யாரு பேரன்? ஊர்ல மொத அரிசி மண்டி வச்சவரு, மொதப் பஞ்சாயத்துத் தலைவரு!"

"தெரியும் காக்கா. அவரு போட்ட மொதத் தீர்மானமும் தெரியும்," என்றார் ஊர்க்காரர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வெளக்குக் கம்பம்தானே?"

"அது ரெண்டாவது. கடைத்தெருவுல ரோட்டு மேல நீட்டிக்கிட்டிருந்த தாழ்வாரத்த எல்லாம் இடிக்கணும்ங்கிறதுதான் மொதத் தீர்மானம். மொதல்ல இடிச்சது அவரு மண்டியோடத."

கடைக்காரர் திகைத்தார். "எங்க வீட்டுல யாரும் சொன்னதில்லையே?"

"எங்க வீட்டுல தெனம் சொல்லுவாக. அடுத்து இடிச்சது எங்களோடத."

வரிசையில் நின்ற தமிழர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரருக்கும் சிரிப்பு வந்தது.

"அந்தப் பழிய இத்தன வருசம் கழிச்சு எங்கிட்ட தீக்கிறியாக்கும்!"

"பின்ன? பேரன்னு சொல்லிக்கிட்டா சும்மாவா? நாளைக்கு மொத வேலையா பெட்டிய எடுங்க காக்கா."

பேருந்து ஆறு நாற்பதுக்கு வந்தது.

பிப்ரவரி 12, வியாழன். காலை முதல் வேலையாகக் கறிவேப்பிலை வாங்கப் போனேன். நடைபாதை காலியாக இருந்தது. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் கடைக்குள் நுழைய முடிந்தது.