இடது பக்கத்து லைட்டு

இல்லீங்க சார், ஆர்சி புக்க எங்க வூட்டுக்காரரு மறந்துட்டு வரல. அது என் பையில தான் இருக்குது. இதோ பாருங்க. காலையில அவரு குளிக்கப் போனப்ப நான் தான் எடுத்து உள்ள வெச்சிக்கிட்டேன். பாவம், இப்ப வூட்டுல பீரோவப் பொரட்டிப் போட்டுத் தேடிட்டு இருப்பாரு. சைக்கிள்ல போக கால் மணி, வர கால் மணி. அந்த அரை மணி நேரம் எனக்கு வேணுங்க சார்.

ஐயய்யோ, காசு கீசு குடுக்க வரலீங்க. நான் அப்படிப்பட்ட பொம்பள இல்ல. உங்களப் பத்தியும் அப்படிச் சொல்லல. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிய பாத்துட்டு என்ன எழுதறாரோ அதத் தான் கோர்ட்டுல பெருசா எடுத்துக்குவாங்கன்னு ஸ்டேசன்ல சொன்னாங்க. நீங்க பேனாவத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடலாம்னு வந்தேன்.

ஆமாங்க, நான் தான் நசீருதீன் சம்சாரம். ஹமீதுன்னிசா.

பிரேக்கு பாத்தீங்களா? நல்லா இருக்குதா? அதான. ஸ்டீரிங்கு? அதுவும் நல்லாத் தான் இருக்கும். எழுபத்தி ஒண்ணாம் வருசத்து அம்பாசிடர் சார். பதினஞ்சு வருசம் ஆவுது, ஒரு நாள் தள்ளி வுட்டதில்ல. இந்த அரூருல எத்தினி டாக்சி இருக்குது, யார வேணா கேளுங்க, நசீர் வண்டி எப்படின்னு. பெத்த புள்ளைக்குக் கூட அப்படி எண்ண தேச்சி வுட்டதில்ல. நான் சண்ட போடுவேன். என்னைய கட்டுனீங்களா, வண்டியக் கட்டுனீங்களான்னு கேப்பேன். சிரிப்பாரு. அவ்ளோ தான். அவருக்குக் கோவமே வராதுங்க, அது தான் எனக்கு எரிச்சலே.

தெரியுது சார், லைட்டப் பத்தித் தான் கேக்கறீங்க. வரேன்.

வலது பக்கம் நல்லா எரியுதுங்களே, போட்டுப் பாத்தீங்கல்ல? இடது பக்கந்தான். வண்டியில அடிபட்ட காளியப்பன் நடந்து போனதும் இடது ஓரந்தான். எங்க வூட்டுக்காரரு தீர்த்தமலையிலேருந்து ஒரு வாத்தியாரு குடும்பத்த ஏத்திக்கிட்டு வந்துட்டு இருந்தாரு. கார்த்திக மாசம், ஏழு மணிக்கே இருட்டிக்குது. அந்தாளு கடலக்கா மூட்டைய தலையில வெச்சிக்கிட்டு ஓரமா தான் போயிருக்காரு. அவரு மேல தப்பு சொல்ல மாட்டேன். மூணாம் நாளு ஆஸ்பத்திரியில போயிட்டாரு.

நான் அவங்க வூட்டுக்குப் போனேங்க. எல்லாரும் போவாத, அடிப்பாங்கன்னாங்க. அவரு சம்சாரம் ராமக்காள் ஒரு வார்த்த திட்டல. வெயில்ல வந்திருக்கேன்னு சொம்புல தண்ணி மோந்து குடுத்துச்சி. அதுக்கு என்னைய அடிச்சிருக்கலாம் சார். அந்தத் தண்ணி இன்னும் எனக்கு எறங்கல.

கேஸ்ல என்ன எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். லைட்டுக்குள்ள இருக்கற கிண்ணம் வெள்ளி போயி வீணாயிடுச்சி, புதுசு மாத்தாம சிகரெட்டு வெள்ளித்தாள ஒட்டி ஊர ஏமாத்துனாரு டிரைவருன்னு. அவரே ஒத்துக்கிட்டாரு, நான் தான் ஒட்டினேன்னு. கையெழுத்தும் போட்டுட்டாரு.

கழட்டி வெச்சிருக்கீங்களா? குடுங்க, நான் காட்டறேன். இந்தத் தாளு பின்னாடி வெள்ளையா காஞ்சி ஒட்டிக்கிட்டு இருக்குதே, இது என்னன்னு பாத்தீங்களா? நகத்தால சொரண்டிப் பாருங்க. பசை இல்லீங்க. சோத்துப் பருக்கை. ஒரு டிரைவரு, பொட்டி நெறைய சாமான் வெச்சிருக்கறவரு, சோத்த நசுக்கி வெச்சா ஒட்டுவாரு? அவருக்கு எங்க வூட்டுல சோத்துப் பானை எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியாது சார்.

எங்கப்பா பாப்பாரப்பட்டி சந்தையில பாத்திரத்துக்கு ஈயம் பூசுவாரு. அப்துல் ஷுக்கூருன்னா அந்தப் பக்கம் தெரியும். நாங்க மூணு பொண்ணுங்களும் அவருக்குப் பாத்திரம் தேச்சிக் குடுத்தே வளந்தவங்க. புளியும் சாம்பலும் வெச்சி நான் தேச்சா, கரி புடிச்ச அண்டாவுல மொகம் பாக்கலாம். என் நாத்தனாருங்க எல்லாம் அவங்க வூட்டு விசேசத்துக்கு என்னையத் தான் கூப்புடுவாங்க, தாம்பாளத்துலேருந்து குடம் வரைக்கும். எனக்கு அதுல திமிருங்க. இருந்துச்சி.

அன்னிக்கு வெள்ளிக்கெழம. மழத்தண்ணி உள்ள பூந்து இடது லைட்டு மங்கிப் போச்சின்னு காலையில கழட்டுனாரு. கண்ணாடிய தனியா, கிண்ணத்த தனியா எடுத்து வாசல்ல ஒரு துண்ட விரிச்சி வெச்சாரு. வெயில்ல காயட்டும், உள்ள கைய மட்டும் வெச்சிடாதன்னுட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிட்டாரு. எதுக்க வரவங்களுக்குக் கண்ணு கூசாம லைட்டுல மேல பாதிக்குக் கருப்பு பெயிண்ட் அடிக்கணும்னு நீங்க சட்டம் வெச்சிருக்கீங்க. மிச்சம் பாதியாவது பளிச்சின்னு இருக்க வேணாமான்னு எனக்குத் தோணுச்சி. கிண்ணம் மஞ்சளா, கரும்புள்ளி புள்ளியா கெடந்துச்சி. பாத்தா எனக்குக் கை அரிக்குதுங்க. மூணு மணிக்கு தீர்த்தமல வாடகை. கோயிலுக்குப் போற வண்டி, நல்லா இருக்கட்டுமேன்னு.

புளி கொஞ்சம், சாம்பல் கொஞ்சம். நாலே நாலு தேய்ப்பு சார். வெள்ளி எல்லாம் கொழம்பு மாதிரி என் வெரலோட வந்துடுச்சி. அடியில வெறும் தகரம். அது பாத்திரத்துக்குப் பூசற மாதிரி கெட்டியா பூசுனது இல்லையாமே, ஊதுனா போற மாதிரி ஒரு பூச்சாமே. எனக்கு எப்படிங்க தெரியும்? தெரியாது தான். ஆனா உள்ள கை வெக்காதன்னு அவரு சொன்னது காதுல வுழுந்துச்சே.

பக்கத்து ஜான் பீ பொட்டிக்கடைக்கு ஓடி, காலி சிகரெட்டு அட்டைங்கள பொறுக்கியாந்தேன். உள்ள இருக்கற வெள்ளித்தாள உரிச்சி, சுருக்கம் இல்லாம நகத்தால நீவி, ஒவ்வொண்ணா ஒட்டுனேன். கண்ணாடிய மாட்டி கிளிப்பும் போட்டுட்டேன். அவரு மாட்டறத எத்தினி தடவ பாத்திருக்கேன். வெயில்ல புடிச்சிப் பாத்தா, அல்லா, பழசவிட நல்லா மின்னுச்சி சார். வெக்கமா இருக்குது சொல்ல, எனக்குப் பெருமையா இருந்துச்சி.

பல்பு சூட்டுல சோறு காஞ்சி வுட்டுடும்னு எவளுக்குத் தெரியும். தாளு எழும்பி பல்பு மேலயே வுழுந்து மறைச்சிக்கிட்டு இருக்குது, நீங்களே பாத்தீங்கல்ல. பாதி வழியிலயே வெளிச்சம் கொறஞ்சிருக்கும். நிறுத்திப் பாத்திருக்கலாம் தான். வண்டியில கொழந்தைங்க, காட்டு வழி, ஊரு கிட்ட வந்தாச்சுன்னு ஓட்டிட்டு வந்திருக்காரு. அது அவரு தப்புன்னா எழுதிக்குங்க, வேணாங்கல. ஆனா தெரிஞ்சே ஏமாத்துனாருன்னு எழுதாதீங்க. லைசென்சு போனா கூட பரவாயில்ல சார், மூட்ட தூக்கியாவது பொழச்சிக்குவோம். அந்த வார்த்தையோட அவரால ஊருக்குள்ள நடக்க முடியாது.

ஏட்டு இந்த ஸ்டேசன் மரத்தடியில தான் லைட்டக் கழட்டுனாரு. நானும் இருந்தேன். தாளு வெளிய வந்துச்சி. எங்க வூட்டுக்காரரு ஒரு நிமிசம் அதையே பாத்தாரு. என்னைய நிமிந்து கூட பாக்கல. நான் தான் ஒட்டினேன் சார்ன்னு ஏட்டுகிட்ட சொன்னாரு. எனக்கு வாய் தொறக்கல. பத்து நாளா தொறக்கல.

அதோ, சைக்கிளு வருது. வந்து என்னையத் திட்டட்டும், அடிக்கட்டும், இதுவரைக்கும் செஞ்சதில்ல, இப்பவாவது செய்யட்டும். நீங்க எழுதுங்க. ரேக வேணாம் சார், எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்.

என்னது? கெளம்பறதுக்கு முன்னாடி அவரு பாக்கலையாவா?

பாத்தாருங்க. தொழுதுட்டு வந்து கையில எடுத்துப் பாத்தாரு. என்னடி இப்படி மின்னுது, உள்ள தொட்டியான்னு கேட்டாரு. இல்லன்னேன். சரின்னு மாட்டிக்கிட்டுப் போனாரு. அதுக்கப்பறம் இந்தப் பத்து நாள்ல அவரு மறுபடி கேக்கவே இல்லீங்க சார்.