சுண்டுவிரலுக்கு ஒரு மயிரிழை

என் தம்பியின் மூச்சுக்கு நான் போட்ட விலை, மாதச் சம்பளமும் மதியச் சாப்பாடும். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டான். பேரம் பேசத் தெரியாதவனைத் தனியே வெளியூருக்கு விடக் கூடாது. நான் செய்ததெல்லாம் அந்த அக்கறையில்தான்.

எங்களுடையது ஊதுகருவிக் கடை. பழசை வாங்கி, பழுது பார்த்து விற்பேன். சளி பிடித்த கிளாரினெட்டைக்கூடத் தம்பி ஒரு தரம் ஊதிக் காட்டினால் போதும், வந்தவர் பையைத் திறந்துவிடுவார். அப்படிப்பட்டவன் ஒருநாள், பெரிய இசைக்குழுவில் ஆள் எடுக்கிறார்கள், தேர்வுக்குப் போகப்போகிறேன் என்றான். கிடைத்தால் அங்கேயே தங்கிவிடுவானாம். நல்லது என்று தோளில் தட்டினேன்.

தேர்வில் முதலில் கேட்பது குரோமாட்டிக் ஸ்கேல். அடியிலிருந்து உச்சி வரை, ஒன்றையும் விடாமல், அரைச்சுரம் அரைச்சுரமாக ஏறி இறங்க வேண்டும். பாட்டு என்றால் வராத சுரத்தை நைசாக ஒப்பேற்றிவிடலாம். இதில் நடக்காது. முதல் படியான அடிச்சுரம், எல்லாத் துளையும் மூடினால்தான் பேசும். கடைசித் துளையை மூடும் உலோக மூடியை, சாவி என்போம், அழுத்துவது வலது சுண்டுவிரல்.

துடைத்துத் தருகிறேன் என்று அவன் கருவியை வாங்கி, அந்தச் சாவியை ஒரு மயிரிழை வளைத்தேன். மெல்லத் தொட்டால் காற்று கசியும்; பலமாக அழுத்தினால் சுரம் வரும்.

"அடிச்சுரம் சரியா பேச மாட்டேங்குதுண்ணா."

வாங்கி, அழுத்தி ஊதினேன். "எனக்கே வருதே. உன் விரல்லதான்டா தெம்பு இல்ல."

வேறு யாராவது பழுது பார்த்திருந்தால் கருவியைச் சந்தேகித்திருப்பான். பார்த்தது அண்ணன், ஆகவே விரலைச் சந்தேகித்தான். காலையும் மாலையும் கடை மாடியில் உட்கார்ந்து அந்த ஸ்கேலில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தான். அழுத்தப் பழகிச் சுரம் சுத்தமாக வந்ததும், மறுபடி துடைக்க வாங்கி இன்னொரு மயிரிழை வளைப்பேன். வலிக்கிறது என்றான். தைலம் வாங்கிக் கொடுத்தேன். உயர்ந்த தைலம், விலை பார்க்கவில்லை.

தேர்வு நெருங்கும்போது சுண்டுவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. சாப்பிட, எழுத ஒரு தடையும் இல்லை. கிளாரினெட்டை எடுத்தால் மட்டும் மடங்கும். இனி ஊத வேண்டாம் என்றார் டாக்டர்.

சும்மா உட்கார வைக்க மனம் வரவில்லை. பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். சாவியின் அடியில் ஒட்டிய மெத்தைக்கும் துளைக்கும் நடுவே மெல்லிய காகிதத்தை வைத்து, மெல்ல மூடி, இழுக்க வேண்டும். பிடித்தால் நல்லது, வழுக்கினால் கசிகிறது என்று அர்த்தம். நேற்று தன் பழைய கிளாரினெட்டின் சுண்டுவிரல் சாவியில் அதைச் செய்து பார்த்தான். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி வைத்தான். மறுபடியும் வந்தது.

"துடைக்க வாங்கும்போதெல்லாம் இதை நீங்க பாக்கலையாண்ணா?"

"பார்த்தேன்" என்றேன். பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். இன்று கடைக்கு வரவில்லை.

அவனுக்கு ஒரு விரல் நஷ்டம். எனக்கு ஊதிக் காட்ட ஆள் நஷ்டம். கூட்டிக் கழித்தால் சரிக்குச் சரி. மதியச் சாப்பாட்டில் அவன் பங்கு மட்டும் அப்படியே இருக்கிறது.