கூரையில் காய்த்த முதல் பரங்கிக்காய்

காலை ஏழேகாலுக்கு, ஐப்பசித் தூறலில், எங்கள் பஸ் பண்ணை வீட்டு முக்கில் பழுதாகி நின்றது. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் பெரிய பரங்கிக்காய்.

"முந்தானையால மூடுடி, பண்ணைக் காரியக்காரர் வர்றாரு. கூரையில காய்க்கிற முதல் காய் எப்பவும் பண்ணைக்குத்தானே?"

"எதுக்கு மூடணும்? குடிசை நிக்கிற மனைக்கு எம்பேர்லயே பட்டா வந்தாச்சு. இது சீர்காழியில கட்டிக்கொடுத்த என் மகளுக்கு."

"போன வருசம் கொடியையே அறுத்துட்டாரே!"

"இப்ப வந்து அறுக்கச் சொல்லு, பார்ப்போம்."

பின் இருக்கையில் இருந்த நான் பயந்துபோய், பக்கத்தில் இருந்த என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

காரியக்காரர் குடையோடு ஜன்னலருகே வந்து நின்றார். காயைப் பார்த்தார். குனியாத அவள் முகத்தையும் பார்த்தார்.

"நல்ல காய்தான்," என்றார். "அறுக்கும்போது எனக்கும் நாலு வெதை எடுத்து வை."