இரண்டு காளைகளும் ஒரு வெள்ளிக்காசும்

காசைக் கண்டால் கண்ணாடியைத் தேடியும், கண்ணாடியைக் கண்டால் காசைத் தேடியும் காலம் கழிக்கும் எங்கள் நாணயச் சங்கத் தலைவர் பால்துச்சி அவர்களே, காணிக்கைத் தட்டில் விழும் சில்லறையையும் திருப்பிப் பார்த்து எந்த மன்னன் என்று கேட்கும் பங்குத்தந்தை எத்தோரே அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியை மறைத்து முறுவலோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ஞாயிறுதோறும் கணவன்மாரைப் பழங்காசுகளுக்குத் தாரைவார்த்துவிட்டுத் தனியே மாவு பிசைந்த தாய்மார்களே, உங்கள் அனைவர்க்கும் எர்சிலியாவின் பணிவான வணக்கம்.

மேடை கிடைத்தால் பேரப்பிள்ளைகளைச் சொல்லாமல் இவள் இறங்கமாட்டாள் என்று அங்கே யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. இறங்கமாட்டேன்தான். மூத்தவள் ஃபியாமெத்தா பொலோஞாவில் ஓர் அருங்காட்சியகத்தில் நாணயப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். நடுவில் பிறந்தவன் தூல்லியோ வாகனம் ஓட்டும் தேர்வில் தேறிவிட்டான். எத்தனையாவது முறை என்று கேட்பது நாகரிகமன்று. சின்னவள் நிவேஸ் நீச்சலில் மாகாண அளவில் வெள்ளி வென்றாள். வெள்ளி என்றதும் நிமிர்ந்துவிட்டீர்களே, தலைவர் அவர்களே. அமருங்கள், அது இந்த ஆண்டு வெள்ளி.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு இந்தக் கண்காட்சித் திறப்பில் என்ன வேலை? சொல்கிறேன். அதோ அந்தக் கண்ணாடிப் பேழையைப் பாருங்கள். நடுவில், செந்நிறப் பட்டின்மேல், ரோமானிய வெள்ளி டெனாரியஸ் ஒன்று. சுற்றியுள்ள காசுகளுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு உண்டு. அதற்கு மட்டும் வெற்றுச்சீட்டு. ஏன்? பெயர் தெரியாமலா? இரண்டு பெயர் தெரிந்ததால்!

அந்தக் காசை வெரோனாச் சந்தையில் சேர்ந்து வாங்கிய இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒருவர் என் கணவர் ஒரெஸ்தே, ஓய்வுபெற்ற தபால்காரர், முதல் வரிசை. மற்றவர் கல்லியானோ, ஓய்வுபெற்ற முடிதிருத்துநர், ஞானஸ்நானத்தில் என் மகளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன், கடைசி வரிசை. கல்லியானோ, கதவுப் பக்கம் நகராதே, இங்கிருந்து எல்லாம் தெரிகிறது.

நம் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காசு எதுவாயினும் முகத்தைக் கல்லியானோ பார்ப்பார், முதுகை ஒரெஸ்தே படிப்பார். ஊர்த் தலைகளையெல்லாம் தன் கையால் தடவியவருக்குத் தலை தெரியும். ஊர்க் கடிதங்களையெல்லாம் தன் கையால் கொடுத்தவருக்கு எழுத்து தெரியும். ஒருவர் முகம் சொல்ல, ஒருவர் முதுகு சொல்ல, காசு தன் பெயரைத் தானே சொல்லும். இந்தக் காசு வரும்வரை அப்படித்தான் நடந்தது.

முகத்தைச் சுற்றியிருந்த எழுத்து முழுதும் தேய்ந்த காசு அது. கல்லியானோ பார்த்தார், டைட்டஸ் என்றார். ஒரெஸ்தே படித்தார்; வெஸ்பாசியன் என்றார். வெஸ்பாசியன் ரோமை ஆண்ட தகப்பன், டைட்டஸ் அவருக்குப் பின் ஆண்ட மகன். மகன் என்றார் இவர், தகப்பன் என்றார் அவர். அன்று நின்ற பேச்சு இன்றுவரை நின்றே கிடக்கிறது. வெள்ளி தேய்ந்தது, எழுத்து தேய்ந்தது, உலகாண்ட பேரரசே தேய்ந்து மறைந்தது. இந்த இருவரின் பிடிவாதம் தேய்ந்ததா?

சங்க அறையில் இருவரும் அந்தக் காசோடு நிற்கும் படம் ஒன்று உண்டு. ஒரு ஞாயிறு என் கணவர் நாட்காட்டியைக் கல்லியானோவின் முகத்தின்மேல் மாட்டினார். அடுத்த ஞாயிறு அது என் கணவரின் முகத்துக்கு நகர்ந்தது. அன்றிலிருந்து வாரம் தவறாமல் அந்த நாட்காட்டி நடக்கிறது. நாளைக் காட்ட வந்தது ஆளை மறைக்கிறது. சிரிக்காதீர்கள் தாய்மார்களே, வருகிற மாதம் ஃபியாமெத்தாவுக்குத் திருமணம். இவர் வந்தால் அவர் வரமாட்டாராம், அவர் வந்தால் இவர் வரமாட்டாராம். தாத்தா இல்லாமல் நடத்துவதா, தன் தாயின் ஞானத்தகப்பன் இல்லாமல் நடத்துவதா என்று என் பேத்தி தொலைபேசியில் அழுதாள்.

அதனால் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கல்லியானோ வீட்டுக்குப் போனேன்.

"கல்லியானோ, பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"முதுகு படிக்கறது உன் வீட்டுக்காரன் வேலை. இந்தக் கழுத்தப் பாரு, நெத்தி மேல சுருளப் பாரு. மகனேதான். இந்த மண்டைக்கு நானே முடி வெட்டின மாதிரி இருக்கு."

வீட்டுக்கு வந்து, சூப்பு ஆறும்முன் இவரைக் கேட்டேன்.

"ஒரெஸ்தே, முகத்தப் பாத்தியா?"

"மூஞ்சி பாக்கறது அந்தச் சவரக்கத்தியோட வேலை. பின்னால நுகத்தடியில ரெண்டு காளை, எட்டாம் தடவை ஆட்சிப் பதவின்னு எழுத்து. இந்தக் காளைக் காசு அடிச்ச வருஷம் அப்பனுக்கு எட்டாம் தடவை, மகனுக்கு ஆறாம் தடவைதான். தபால்காரன் விலாசம் தப்பாப் படிப்பானா?"

"சரி, ஒண்ணு கேக்கறேன். கல்லியானோ என்னைக்காவது ஒரு மூஞ்சியத் தப்பாச் சொன்னதுண்டா?"

ரொட்டியைப் பிய்த்தார். பிய்த்ததையே மறுபடி பிய்த்தார்.

"...இல்ல."

"நீ எழுத்தத் தப்பாப் படிச்சதுண்டா?"

"என்ன பேச்சு இது, எர்சிலியா."

"அப்ப ரெண்டு பேரும் சரின்னு வெச்சா என்னய்யா ஆகும்?"

"ஒரே காசுல ரெண்டு பேரா? சூப்பக் குடி."

குடித்தேன். குடித்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். மறுநாளே அழைத்தாள்.

"பாட்டி, ரெண்டு பேரும் சரிதான். முகத்தோட கீழச்சு பட்டறைக் கட்டையில பதிஞ்சிருக்கும், முதுகோட மேலச்சு கையில இருக்கும். அடிச்சவன் மகன் முகத்துக்கு மேல அப்பாவோட முதுகு அச்ச வெச்சு அடிச்சுட்டான். கலப்புக் காசு பாட்டி, ரொம்ப அபூர்வம். தாத்தாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்லடி. தனித்தனியாச் சொன்னா அவங்கவங்க வீட்டுல ஜெயிச்சுட்டுப் படுத்துருவாங்க. கூட்டத்துல சொன்னாத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து ஜெயிப்பாங்க."

அவையோரே, எண்ணிப் பாருங்கள். என்றோ ஒரு பட்டறையில், எவனோ ஒரு தொழிலாளி, பசியிலோ பராக்கிலோ கைமாற்றி எடுத்த ஓர் அச்சு. அவன் சோறுண்ணப் போய்விட்டான். அவன் தவறுக்கு இவர்கள் தண்டனை அனுபவிக்கிறார்கள். முகத்தை நம்பியவன் முதுகைத் திருப்பிப் பார்த்தானா? முதுகை நம்பியவன் முகத்தை நோக்கினானா? ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லவும் மனம் இல்லை. ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்கவும் மனம் இல்லை. ஒரே நுகத்தில் பூட்டிய அந்த இரண்டு காளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யார் நினைவு வந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஒரெஸ்தே, எழுந்து வா. கல்லியானோ, நீயும் வா. வழி விடுங்கள், தாய்மார்களே. அவர் மெதுவாகத்தான் வருவார். இதோ வெற்றுச்சீட்டு, இதோ ஒரே ஒரு பேனா. முகத்தைக் கல்லியானோ எழுதட்டும், முதுகை ஒரெஸ்தே எழுதட்டும்.

என்ன கல்லியானோ, கண்ணாடி கொண்டுவரவில்லையா? பாருங்கள் அவையோரே, என் கணவர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்கிறார். "பெரிசா எழுதுய்யா, உன் எழுத்து எப்பவும் மயிர் சிதறின மாதிரி இருக்கும்" என்கிறார். அதற்கு அவர், "விலாசம் எழுதித் தர்றேன், நீ கொண்டுபோய்ச் சேத்துடு" என்கிறார். மெதுவாகப் பேசிக்கொள்வதாக நினைப்பு; ஒலிபெருக்கி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது, கனவான்களே.

பேச வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்திருந்த பெரியோர்க்கும், சிரித்து என்னைத் தாங்கிய தாய்மார்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒரே ஒரு விண்ணப்பம். அந்த நாட்காட்டிக்கு வேறு சுவர் பாருங்கள். புதிய படம் ஒன்று இப்போதே எடுத்து, அதே ஆணியில் மாட்டி, ஒரு பிரதியை மணப்பெண்ணுக்குத் தபாலில் அனுப்புங்கள். நண்பர்களே, நேராக நில்லுங்கள், இருவரும் முகத்தைக் காட்டுங்கள். உங்கள் முதுகுகளை இந்த ஊர் வேண்டிய மட்டும் பார்த்துவிட்டது. வணக்கம்.