ஓவனுக்கு வெச்ச பொட்டு

ஏனுங்க ஆபீசர், நீங்க சீல் வெச்ச எம் பட்டறை கேட்டுக்குள்ளாற ஒரு கருவேப்பிலச் செடி நிக்குதுங்க. வெயிலு இந்தக் காய்ச்சு காய்ச்சுது, உங்க காவக்காரன்கிட்டச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. செடி என்ன பாவம் பண்ணுச்சு.

நடந்தத நானே எழுதிக் குடுக்கறேன்னு சொன்னனுங்கல்ல, அதான் இது. போன்ல அடிக்கறேன், பேசற மாதிரித்தான் வரும். உங்க இங்கிலீசு ரிப்போர்ட்ட எம்பையன் ரவிக்குமாரு படிச்சுச் சொன்னான். அதுல ஒரு பொய்யி இருக்குதுங்க. அத அப்படியே உட முடியாது.

சிங்காநல்லூர்ல ரங்கநாயகி பட்டறைன்னு கேட்டா எந்த ஆட்டோக்காரனும் கொண்டாந்து உடுவான். இரும்புச் சாமானுக்கு முலாம் போடற வேல. எங்கூட்டுக்காரரு போனப்பறம் நாந்தான் பாக்கறேன். பம்புசெட்டுச் சாமான், தறிச் சாமான்னு வந்துட்டிருந்துச்சு, பொறவு உங்க மிலிட்டரி ஹெலிகாப்டருக்குப் போல்ட்டு வந்துச்சு. வெரல் நீளந்தான் இருக்கும். மேல சுத்தற இறக்கையப் புடிச்சு நிக்கறதே அதுதானுங்களாமா.

முலாம் போட்ட கையோட அந்தப் போல்ட்ட ஓவன்ல வெச்சு ராப்பகலா உடாம வாட்டோணும். முலாம் தொட்டில முக்கறப்ப இரும்புக்குள்ள ஒரு வாயு பூந்துக்குது, வாட்டுனாத்தான் வெளிய போகும். உள்ளயே தங்கிப்போச்சுன்னா, பாக்கப் பளபளன்னு இருக்கும், ஒரு நா சொல்லாமக் கொள்ளாம ஒடிஞ்சு போகும். இது கெழவிக்கு எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சுக்காதீங்க. மெர்சி வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

மெர்சிதான் சாமானச் சோதிச்சு சீல் குத்தற புள்ள. பெரிய காலேஜுல படிச்சவ. பட்டறைக்குள்ள நாம தும்முனாக்கூட அதுக்கு ஒரு ரூலு வெச்சிருப்பா.

எங்க பட்டறைல ஆயுத பூசையன்னிக்கு ஒரு மோட்டாரு ஓடாதுங்க. எங்க மாமனாரு காலத்துலேருந்து அப்படித்தான். மெசினெல்லாம் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடல படைச்சு, பூசணிக்கா ஒடச்சு, மெயின் சுச்ச அணைச்சுப்போட்டு ஊட்டுக்குப் போயிருவோம். மக்யா நாளுதான் மறுபடி போடறது. அன்னிக்குப் பாத்து உங்க போல்ட்டு ஓவனுக்குள்ள இருந்துச்சு.

மெர்சி வந்து நின்னா. "அம்மா, மத்ததெல்லாம் அணைங்க, இந்த ஓவன் மட்டும் ஓடட்டுங்கம்மா. பாதில நின்னா இந்த லாட்டு மொத்தத்தையும் தூக்கிப் போடோணும்."

"ஏன் அம்மணி, நீ ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாட்டுப் படிக்கறப்ப நான் வந்து மைக்க அணைச்சனா?"

பசங்க சிரிச்சாங்க. அவ சிரிக்கல. "சாமிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லீங்கம்மா. ஓடற ஓவனுக்கே பொட்டு வெய்யுங்க, நானே குங்குமம் எடுத்துத் தாரேன்."

ஓடற மெசினுக்கு எவளாச்சும் பொட்டு வெப்பாளா. அத்தன படிச்சவளுக்கு இது தெரியல. நானே போயி அணைச்சேன். சந்தனத்தக் கொழச்சு ஓவன் கதவுல பட்டை போட்டு, நடுவால குங்குமம் வெச்சேன். நொம்ப லட்சணமா இருந்துச்சுங்க.

மக்யா நாளு உங்க வண்டி வாசல்ல நின்னு ஆரனடிக்குது. கொஞ்ச நேரம் சூடு காட்டி எடுத்துக் குடுத்துபோட்டேன். மெர்சி சீல் குத்த மாட்டேன்னு போயி ஒக்காந்துட்டா. சாமான் என்னமோ சீலோடதான் போச்சு.

அப்பறம் உங்க கேம்புலேருந்து ஜெப்ரி சாரு கூப்பிட்டாரு, சாமானெல்லாம் வாங்கி வெக்கற ஆபீசரு. "மேடம், எங்க பையன் முறுக்கறப்பவே ஒரு போல்ட்டுத் தல துண்டாப் போச்சுங்க. மிச்சத்த நிறுத்தி வெக்கட்டுங்களா?"

"உங்க பையன் ஸ்பேனரப் புடிச்சு ஊஞ்சலாடியிருப்பானுங்க சார். வேற ஒண்ண எடுத்து மாட்டச் சொல்லுங்க."

நல்லாச் சிரிச்சாரு. ஒண்ணு ஒடிஞ்சா மொத்தத்தையும் கழட்டிச் சோதிக்கோணும்னு உங்க சட்டமே சொல்லுதாமா. ஆனா டெல்லிலேருந்து யாரோ பெரிய ஆளு வர்றாங்க, எல்லா ஹெலிகாப்டரும் பறந்து காட்டோணும்னு அவருக்கு அவசரம். நெஞ்ச நிமுத்திச் சல்யூட் அடிக்கறவங்க, போன்ல ஒரு கெழவி சொன்னத நம்பி ஆகாசத்துல ஏறிட்டாங்க. இதுக்கு எதுக்குங்க அத்தன வருசப் பயிற்சி.

மெர்சி அதையும் கேட்டுட்டு வந்து நின்னா. "எல்லாத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கம்மா. மேல போறவங்க ஊட்லயும் புள்ளகுட்டி இருக்குமுங்க." திருப்பிக் கேட்டா ஊரு என்ன பேசும். ரங்கநாயகி பூச பண்ணிச் சாமானக் கெடுத்துபோட்டான்னு பேசும். நாளைலேருந்து வர வேண்டாம் கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். கோவமா இல்லீங்க, சிரிச்சுட்டேதான் சொன்னேன்.

அந்தப் போல்ட்டு மாட்டுன ஹெலிகாப்டரு பல்லடத்துக்கு அக்கட்ட ஒரு கோழிப்பண்ணைக்குப் பக்கத்துல உழுந்துச்சு. சத்தத்துல மெரண்டு கோழியெல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, மூச்சு முட்டியே செத்துப்போச்சாமா. கேட்டதுலேருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. வண்டில ரெண்டு பேரு இருந்தாங்க. ஒருத்தருக்குக் கைக்கொழந்த. அவங்களுக்குக் கொடி போத்தி, துப்பாக்கி சுட்டு, எல்லா மரியாதையும் பண்ணுனீங்க. வாயில்லாச் சீவனுக்கு யாரு பண்ணுவா.

உங்க ஆளுங்க வந்து கேட்டப்போ, எனக்கு என்னங்க தெரியும், வயசானவ, எல்லாம் அந்தப் புள்ளதான்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க. நீங்க அத அப்படியே எடுத்துட்டு, ஓவன் மெர்சியோட கட்டுப்பாட்டுல இருந்துச்சு, பட்டறையே அவ சொல்றபடிதான் நடந்துச்சுன்னு ரிப்போர்ட்ல போட்டு, அவளப் போலீசுல புடிச்சுக் குடுத்துருக்கறீங்க. நான் என்னமோ மூலைல ஒக்காந்து ஊதுபத்தி கொளுத்திட்டிருந்தவ மாதிரி. தோள்ல அத்தன பட்டை குத்திட்டு வந்த உங்களுக்கு, யாரு மொதலாளின்னு கண்ணுல படலீங்களா. அவ சொல்லி எம் பட்டறைல ஒரு பல்பு எரிஞ்சதில்லீங்க, ஒரு பல்பு அணைஞ்சதும் இல்ல.

அணைச்சது நான். அரைகொறையா வாட்டுனது நான். அவ மேசையத் தொறந்து, அவ பேருல இருக்கற சீல்கட்டைய எடுத்து, எல்லாப் பொட்டலத்து மேலயும் குத்துனது நான். ஒண்ணு ஒடிஞ்ச சேதி வந்தப்பவே மிச்சமும் ஒடியும்னு எனக்குத் தெரியும். எப்பன்னுதான் தெரியாது.

இத வெச்சு அந்தப் புள்ளய இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிருங்க. அன்னிக்கு எல்லாரு முன்னாலயும் எதுத்துப் பேசாம இருந்திருந்தா, நானே ஓவன ஓட உட்டிருப்பேன். இருந்தாலும் பரவால்ல, நான் அவள மன்னிச்சுபோட்டேன்னு சொல்லிருங்க.