பதினாறு விநாடி ஹம்மிங்

பாடுகிறவர்கள் மேடை ஏறுவதற்கு முன்னால் கடலைமிட்டாய் தின்னக் கூடாது. கோவில்பட்டியில் குடியிருந்துகொண்டு இதைக் கடைப்பிடிப்பது சிரமம்தான். நாற்பத்திரண்டு வருஷம் நான் கடைப்பிடித்தேன். கச்சேரி முடிந்த பிறகு சேர்த்துவைத்துத் தின்றதில் மூன்று கடைவாய்ப் பல் போயிற்று. தொண்டை மட்டும் அறுபத்து நாலு வயதிலும் புதுசாக இருக்கிறது.

மாயகிருஷ்ணன் அண்ணாச்சி, நம் கலைஞர் சங்கத்து ஆண்டு மலருக்கு என் பாட்டுத் தொழிலைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டீர்கள். ரேணுகாதேவிக்குக் குரல் போனதைப் பற்றியும் உருக்கமாக நாலு வரி எழுதச் சொன்னீர்கள், அவளுக்குப் பக்கத்திலேயே இருந்தவள் நான் என்பதால். உண்மைதான். என்னைவிடப் பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நாலு வரியில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டே பாடிப் பழகினவள். பிறகு சர்ச் பாடகர் குழு, பிறகு கேசட் கம்பெனி. 'ரூபி குழுவினர்' என்று நாலு பெண்கள். நாங்கள் நாலு பேர் பாடினால் கேசட்டில் நானூறு பேர் கேட்கும். காலையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வானத்துத் தேவதூதர் கூட்டம் நாங்கள்தான். மத்தியானம் மாரியம்மன் பாட்டுக்கு முளைப்பாரி எடுக்கிற கூட்டமும் நாங்கள்தான். நடுவில் தயிர்ச்சோறு. குழந்தை அழுகை, கிழவி இருமல், குலவை எல்லாம் என் இலாகா. விளாத்திகுளத்தில் ஒருமுறை ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினேன். வெளியே மேய்ந்துகொண்டிருந்த தாயாடு ரிக்கார்டிங் அறைக் கதவை முட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. அந்த ஆட்டுக்கு இருந்த காது ஊரில் பல பேருக்கு இல்லை.

யார் எந்த வரியை எடுப்பது, எந்தப் பாட்டை எத்தனை கட்டையில் பாடுவது என்று முடிவு செய்வதும் நான்தான். கட்டை என்பது சுருதியின் உயரம். அரைக் கட்டை ஏற்றினால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பாடுகிற தொண்டைக்குத் தெரியும்.

இன்னொரு வேலை, ட்ராக் பாடுவது. பெரிய பாடகி வருவதற்கு முன்பே முழுப் பாட்டையும் பாடிப் பதிந்து வைக்க வேண்டும். அவர் வந்து அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அதன்படியே பாடிவிட்டுப் போவார். பிறகு நம் குரலை அழித்துவிடுவார்கள். ரேணுகாதேவிக்கு இருபது வருஷம் நான்தான் ட்ராக். அவளுக்கு இனிமையான குரல், மறுக்கவில்லை. ஆனால் சுருதி ஞானம் கிடையாது. ட்ராக்கில் இருப்பதை அப்படியே வாங்கிக் கக்குவாள். ஒருமுறை வேண்டுமென்றே இரண்டாவது சரணத்தில் ஒரு விக்கலை வைத்தேன். அவளும் விக்கினாள். அந்த விக்கல் ரொம்ப உணர்ச்சியாக இருக்கிறது என்று மூன்று பேர் அழுதார்கள்.

2004இல் அந்த மழைப் பாட்டு வந்தது. ஆரம்பத்தில் பதினாறு விநாடி ஹம்மிங். சொல்லே கிடையாது, மேலே மேலே ஏறிப்போய் ஒரு இடத்தில் மேகம் மாதிரி நிற்கும். மெட்டு நான் போட்டது, ட்ராக்கில் நான் பாடியது. அன்றைக்கு ரேணுகாவுக்குச் சளி. பாட்டைப் பாடிவிட்டாள், ஹம்மிங் மட்டும் ஏறவில்லை. கம்பெனிக்காரர் தங்கப்பாண்டி என்னிடம் வந்தார்.

"ஏட்டி ரூபி, ஒன் ஹம்மிங்கை அழிக்காம அப்படியே வச்சிக்கிடுதேன். ஒனக்குச் சந்தோசந்தான?"

சந்தோஷம்தான். சி.டி. அட்டை வரும்வரை. 'பாடியவர்: ரேணுகாதேவி' என்று பெரிய எழுத்து. கீழே எறும்பு எழுத்தில் 'கோரஸ்: குழுவினர்'.

அந்தப் பதினாறு விநாடி போகாத இடம் இல்லை. டவுன் பஸ்ஸில், பருத்தி வண்டியில், டீக்கடையில், கல்யாண வீட்டில், போன் மணியாக. கரிசலில் அந்த வருஷம் மழை பெய்ததே அதைக் கேட்டுத்தான் என்று குளத்தூரில் பேசிக்கொண்டார்கள். ரேணுகாவுக்கு 'மழைக்குரல்' என்று பட்டம் கொடுத்தார்கள். மேடையில் அந்த இடம் வந்தால் அவள் கண்ணை மூடி வாயை அசைப்பாள். நான் பின்வரிசையில் கோரஸ் மைக்கில் பாடுவேன். கைத்தட்டல் முன்வரிசையில் இறங்கிவிடும், பின்னால் வருவதற்குள் தீர்ந்துபோகும். கயத்தாறில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "நீங்களும் பாடுவீங்களாக்கா?" என்று கேட்டாள். ஊ, ஆ எல்லாம் பாடுவேன் தாயி என்றேன்.

இதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. 2015இல் ஒரு மேடையில் ரேணுகா குழுவை அறிமுகம் செய்தாள். என் தோளில் கை போட்டு, "ரூபிக்கா எனக்கு நெழல் மாதிரி" என்றாள். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போதுகூடக் கோபம் இல்லை. நிழல் சாயங்காலத்தில் ஆளைவிட நீளமாகுமே என்று மட்டும் தோன்றியது.

அவளுடைய சுருதி ஐந்து கட்டை. கீபோர்டில் சுருதி ஏற்ற ஒரு பொத்தான் உண்டு. வாசிக்கிற ஸ்டெபின் நான் சொன்னதை அழுத்துவான், காரணம் கேட்கமாட்டான். அடுத்த வருஷம் ஐந்தரை ஆக்கினேன். இரண்டு வருஷம் கழித்து ஆறு. ட்ராக்கையும் அதே உயரத்தில் புதிதாகப் பாடிக் கொடுத்தேன்.

"அக்கா, தொண்ட இழுக்குதே. சுருதி கூட இருக்கோ?"

"அதே சுருதிதான்ட்டி. ஒனக்கு வயசு கூடுது."

அவள் சிரித்தாள். பிறகு கேட்கவே இல்லை. சுருதி ஞானம் இல்லை என்று சொன்னேன் அல்லவா.

ஆறு கட்டையில் ஐந்து வருஷம் ஓட்டினேன். பயிர் முற்றுவதற்குக் காலம் வேண்டும். 2023இல் ரேணுகாவின் குரல் உடைந்த ஓட்டில் தேய்ப்பது மாதிரி ஆனது. அவள் மகள் இந்துஜா சென்னையில் வேலை பார்க்கிறாள். அதனால் திருநெல்வேலி டாக்டரிடம் கூட்டிப்போனது நான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்குக் குரல்நாணில் முடிச்சு இருக்கிறது, ஆறு வாரம் வாயே திறக்கக் கூடாது, முக்கியமாக ரகசியம் பேசுவது மாதிரி காற்றில் பேசவே கூடாது, அதுதான் கூடுதல் கெடுதல் என்றார். தங்கமான மனுஷர். விவரமாகச் சொன்னார்.

வெளியே வந்து ரேணுகாவிடம் சொன்னேன்: "சத்தமாத்தான் பேசக் கூடாதாம். ரகசியமாப் பேசினா ஒண்ணும் செய்யாதாம்."

தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். இதைக் கட்டாயம் போடுங்கள், ஒருநாள்கூடத் தவறவில்லை. பனங்கற்கண்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். ஊர்க்கதையைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினேன். தங்கப்பாண்டி சாயம் பூசின மீசையோடு மழையில் மாட்டி, வெள்ளைச் சட்டை நாசமானதை நடித்துக் காட்டினேன். ஆட்டுக்குட்டி மாதிரி கத்திக் காட்டினேன். பதில் பேசாமல் இருக்க அவளால் முடியாது, காற்றிலேயே பேசினாள். சிரிக்கும்போது விசிலடிக்கிற குக்கர் மாதிரி ஒரு சத்தம் வரும். நான் இன்னொரு கதையை எடுப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் நடித்ததில்லை, கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள் என்பது வருத்தம்.

நாலாவது வாரம் விளாத்திகுளத்தில் ஒரு பாராட்டு விழா. ஒரே ஒரு பாட்டு, அந்த மழைப் பாட்டு பாடினால் போதும் என்றார்கள். போகலாமா என்று ரேணுகா கேட்டாள். ஹம்மிங்கை எப்போதும்போல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வாயை அசை என்றேன். என்னை நம்பி வந்தாள். மேடைக்குப் பக்கத்துக் களத்தில் மிளகாய் வற்றல் குவித்திருந்தார்கள். காற்று அடித்தால் எறும்புகூடத் தும்மும். மாலை ஆறு மணி. ஸ்டெபினிடம் ஆறரை கட்டை என்றேன்.

இசை ஆரம்பித்தது. ஹம்மிங் வந்தது. ரேணுகா கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

நான் திறக்கவில்லை.

வேறொன்றும் செய்யவில்லை, அண்ணாச்சி. சும்மா நின்றேன். ஒரு விநாடி, இரண்டு விநாடி. கூட்டம் அவள் வாயையே பார்த்தது. அவள் கண்ணைத் திறந்து, திரும்பி, என்னைப் பார்த்தாள். மூன்று. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். பிறகு அவளே எடுத்தாள், மேடையில் முதல்தடவையாக. பதினோராவது விநாடி வரை ஏறினாள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். பன்னிரண்டில், புதுத் துணியைக் கடையில் கிழித்துக் கொடுப்பார்களே, அந்தச் சத்தம் மைக்கில் கேட்டது. கைக்குட்டையில் கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவளுக்குக் குரல் இல்லை. போனில் எழுத்து பொடிசாகத் தெரிகிறது என்று ஒரு சிலேட்டு வைத்திருக்கிறாள்.

நான் தினமும் போவதை நிறுத்தவில்லை.

போன மாதம் கயத்தாறில் அந்தப் பாட்டை முழுக்க நான் பாடினேன். முன்வரிசை மைக், ஹம்மிங்கும் சேர்த்து. அரைக் கட்டை கூட வைத்தே பாடினேன், இந்த வயதிலும் முடியும் என்று ஊருக்குத் தெரியட்டும் என்று. பதினாறு விநாடியும் நின்றது. இருபத்தோரு வருஷத்துக் கைத்தட்டல் மொத்தமாக வந்தது. பந்தல் துணி ஒரு முழம் மேலே போய் இறங்கியது.

அறிவிப்பாளர் ஜோபின் மைக்கை வாங்கினான். "நம்ம ரேணுகாதேவி அம்மா கொரலை அச்சு அசலா அப்படியே பாடிக் காட்டினாங்க, ரூபி அம்மா. இன்னொரு தடவ கைதட்டுங்க." தட்டினார்கள். எல்லாரும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ரேணுகாவைப் பார்த்துத் தட்டினார்கள்.

இறங்கி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மடியில் இருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினாள்.

'அரைக் கட்டை எறக்கிப் பாடுங்கக்கா. எனக்கு ஏத்தின மாதிரி ஒங்களுக்கும் ஏத்திக்கிடாதீங்க. தொண்டை போயிரும்.'

கூட்டத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. நான் சேலைத் தலைப்பால் சிலேட்டை அழித்தேன். சாக்பீஸ் தூள் கொஞ்சம் தொண்டையில் ஏறியிருக்க வேண்டும், அன்றிலிருந்து எனக்கு லேசாக இருமல்.

யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்டெபினாக இருக்கும். அவளாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஏழு வருஷம் தெரிந்தும் ஒருத்தி பேசாமல் என் பின்னால் வந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா?

மற்றதையெல்லாம் நீங்கள் வெட்டினாலும் சரி, வைத்தாலும் சரி, அண்ணாச்சி. ரேணுகாதேவிக்குச் சுருதி ஞானம் கிடையாது என்ற ஒரு வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டுவிடுங்கள்.