பேய்க் குகை மறுபடி ஓடுமா

– நீ வரலன்னா நான் மட்டும் போய் இன்னா பேசறது முத்தம்மா? கேட்ல நின்னு ஜனத்தை ஏத்துனது நீ.

– உள்ள பேயா நின்னது நீங்கதானே. நீங்களே பேசுங்க.

– பேய் பேசுனா யாரு நம்புவாங்க?

– ம்... இந்தச் சிரிப்புக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. தோசை ஆறுது, சாப்பிடுங்க.

– நாளைக்குக் காலையில ஓனர் வரச் சொல்லிக்கீறாரு. ஓசூர்ல புது பார்க் ஆரம்பிக்கறாராம். மூடிக் கெடக்கற நம்ம பேய்க் குகையை வண்டியோட பிரிச்சு அங்க கொண்டு போய் மாட்டலாமா, இல்ல எடைக்குப் போட்டுடலாமான்னு நம்மளத்தான் கேக்கறாரு.

– எடைக்குப் போடச் சொல்லுங்க.

– இன்னா பேச்சு பேசற நீ! ஞாயித்துக்கிழமை ஆனா பொம்மசந்திரா ஃபேக்டரி ஜனம் பூரா அங்கதானே வரிசை கட்டி நின்னுச்சு...

– நின்னுச்சு. அப்புறம் வேவ் பூல் வந்துச்சு. எல்லாம் தண்ணிப் பக்கம் போயிடுச்சு.

– மோட்டாரை மாத்தி, எலும்புக்கூட்டுக்கு ஸ்வல்ப பெயிண்ட் அடிச்சிருந்தா...

– ஓடியிருக்காது.

– ஓடியிருக்கும்டி!

– பேயே சரியில்ல, எலும்புக்கூடு இன்னா பண்ணும்?

– தோசை போதும், தட்டை எடு.

– கோச்சுக்காதீங்க. கடைசி வளைவுல நீங்க பாய்ஞ்சு வந்து கத்தணும். அதுக்குத்தான் ஜனம் வரும். கடைசி ரெண்டு வருஷம் உள்ள போன பசங்க எல்லாம் சிரிச்சிக்கினே வெளிய வந்துச்சுங்க. ஒரு கன்னடக் குட்டிப் பொண்ணு பேயைப் பத்தி எங்கிட்ட சொல்றா, "ஆன்ட்டி, உள்ள இருக்கற தெவ்வ என் தலையைத் தடவிக் குடுத்துச்சு"ன்னு!

– தொண்டை கட்டியிருந்துச்சு.

– ரெண்டு வருஷமாவா?

– விடேன்...

– இல்ல, சொல்லுங்க. ஆசையாத்தானே அந்த வேலைக்குப் போனீங்க? மொதல்ல எல்லாம் நீங்க போடற கூச்சல் கேட்டு எனக்கே வெளிய தூக்கிவாரிப் போடும்.

– இருட்டுல பயந்தா எல்லாப் புள்ளையும் "அப்பா"ன்னுதான் கத்துது முத்தம்மா. தமிழ்ப் புள்ளையா இருந்தாலும் சரி, கன்னடப் புள்ளையா இருந்தாலும் சரி. நம்ம ராகேஷ் அந்தக் காய்ச்சல்ல, போறதுக்கு முன்னாடி கத்துனானே... அப்படியே இருக்கும். நான் எப்படி பயமுறுத்துவேன்? "பயப்படாத கண்ணு, இதோ வெளிச்சம் வந்துடும்"னுதான் வாயில வந்துச்சு.

– ஏங்க இத்தனை நாளா எங்கிட்ட சொல்லல?

– அழாத. இதுக்குத்தான் உங்கிட்ட சொல்லல.

– அப்ப... ஓசூர்ல மட்டும் கத்திடுவீங்களா?

– வேற யாரையாவது பேயா நிறுத்தட்டும். நான் மோட்டார் பாத்துக்கறேன். அது ஓடினா போதும் எனக்கு. செவ்வாக்கிழமை கூட்டம் இல்லாதப்ப ஸ்டாஃபோட புள்ளைங்களை ஏத்துவோமே, ராகேஷ்தான் மொத ஆளா ஓடி வந்து நிப்பான். எறங்கவே மாட்டான். அவன் சுத்துன வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போறதான்னு... மனசு கேக்கல. நீயும் வா. பழையபடி கேட்ல நில்லு.

– என்னால முடியாது.

– ஏன் முடியாது? இத்தனை நாள்...

– முடியாதுன்னா விடுங்களேன்.

– என்னைச் சொல்றியே, நீ மட்டும் ஒழுங்கா ஏத்துனியா? வெளிய கூட்டம் நிக்கும், வண்டி முன் சீட்டு காலியாவே உள்ள வரும். ஓனர் எத்தனை வாட்டி திட்டுனாரு! கேட்டா பெல்ட் அறுந்துகிடக்குன்னு சாக்கு சொல்லுவ.

– பெல்ட் நல்லாத்தான் இருந்துச்சு.

– அப்புறம்?... ஏய், இந்தப் பக்கம் திரும்பு. அப்புறம் எதுக்கு காலியா அனுப்புன?

– காலியா எங்கங்க அனுப்புனேன்? ஒவ்வொரு வாட்டியும் ராகேஷை அங்க உக்கார வெச்சு, பெல்ட்டைப் போட்டு, உள்ள உங்ககிட்டதான் அனுப்புனேன். புது பார்க்ல அந்த எடத்துல வேற புள்ளைய ஏத்தச் சொல்லுவாங்க... அவனை எப்படிங்க நான் எறக்கிவிடுவேன்?